காட்டு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பி.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறேன். வனவியல் பட்டம் இல்லாமல் வனச் சூழலியலில் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா? உதவித்தொகை கிடைக்குமா? – வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகப் போகலாம். டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. வனவியலுக்குத் தாவரவியல் பட்டதாரிகளையும் சேர்க்கிறது, நுழைவுத்தேர்வு உண்டு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவளர்ப்பியல் முதுநிலைக்கு வனவியல் பட்டதாரிகளுக்கே முதலிடம் என்பதால், அறிவிக்கையின் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறையையும் பாருங்கள்.

பிஎச்.டி.க்கு டேராடூனில் பதிவு செய்துகொண்டு, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனத்தில் ஆய்வு செய்யும் வழியும் இருக்கிறது. சவுக்கு, தைலம், தேக்கு போன்ற தோட்ட மரங்களில் ஆர்வம் இருந்தால் அதுதான் இடம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் உயிர் அறிவியலில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் மாதம் ரூ.37,000, வீட்டு வாடகைப்படி தனி. இந்தத் தொகை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முதுநிலை இறுதி ஆண்டிலேயே நெட் எழுதலாம், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: முதுமலையில் தீப்பிடித்த ஓர் இடத்தில் 20 குவாட்ரட் (செடிகளை எண்ணக் குறிக்கும் சிறு சதுரம்), தீ படாத ஓர் இடத்தில் 20 குவாட்ரட் போட்டு, மறுவளர்ச்சியை ஒப்பிடத் திட்டம். கைடு "இது நிற்காது" என்கிறார். என்ன தவறு? – ஆய்வு மாணவர், கோவை

பதில்: கைடு சொல்வது சரி. உங்களிடம் இருப்பது 40 மாதிரிகள் அல்ல. எரிந்த இடம் ஒன்று, எரியாத இடம் ஒன்று, அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தால், அது தீயால் வந்ததா, மண்ணால் வந்ததா, மாடு மேய்ந்ததால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. முதுமலையில் இது பெரிய சிக்கல். மேற்கே மழை மிகுதி. கிழக்கே மசினகுடிப் பக்கம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். சில கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது இடத்தை எடுத்தாலே காட்டின் வகை மாறிவிடும்.

எரிந்த காட்டுத் துண்டுகள் குறைந்தது ஆறு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே, அதே சரிவும் அதே காட்டு வகையும் உள்ள எரியாத துண்டு ஒன்றை ஜோடியாக்குங்கள். துண்டுக்கு மூன்று பிளாட் (அளந்து குறித்த ஆய்வுச் சதுரம்) போதும். ஒரே துண்டின் மூன்று பிளாட்களையும் சராசரியாக்கி ஓர் எண்ணாகக் கொள்ளுங்கள். குவாட்ரட்டைக் கூட்டுவதைவிடத் துண்டைக் கூட்டுவதுதான் ஆய்வுக்குப் பலம்.

எது எப்போது எரிந்தது என்பதை ஊர்க்காரர் நினைவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பிப்ரவரி முதல் மே வரையிலான லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பாருங்கள். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி காட்டும் தீப்புள்ளிகளின் நுணுக்கம் ஒரு கிலோமீட்டர். புல்லோடு போய்விடும் சிறு தரைத்தீ அதில் தப்பிவிடும்.

பிளாட்டுக்கு 20×20 மீட்டரில் மரங்கள், உள்ளே 5×5 மீட்டரில் இளமரங்கள், 1×1 மீட்டரில் நாற்றுகள். சரிவில் டேப்பைத் தரையோடு போட்டால் பிளாட் சிறுத்துவிடும். 20 டிகிரிச் சரிவில், 20 மீட்டர் கிடைத்தூரம் வர ஏறத்தாழ 21.3 மீட்டர் டேப் போக வேண்டும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது இன்னொன்றில். இலையுதிர் காட்டில் தீக்குப் பின் தலைகாட்டும் பசுந்தளிரில் பெரும்பகுதி விதையிலிருந்து வந்ததல்ல, பழைய வேரிலிருந்து துளிர்த்தது. அதையும் நாற்று என்று எண்ணினால், தீ மறுவளர்ச்சியைக் கூட்டுகிறது என்ற தலைகீழ் முடிவு வந்துவிடும். அடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள்: தடித்த வேர்க்கட்டையோ கருகிய பழைய தண்டோ தெரிந்தால் அது துளிர். இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டுக் குறியுங்கள். மழை முடிந்து ஒருமுறை, கோடை முடிவில் ஒருமுறை என அதே நாற்றுகளை எண்ணுங்கள். ஒரே எண்ணிக்கை எத்தனை முளைத்தன என்று சொல்லும். எத்தனை பிழைத்தன என்று சொல்லாது.

அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அருமையான தரவும் உண்டு. இந்திய அறிவியல் கழகம் 1988-89இல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தரப் பிளாட் முதுமலையில்தான் இருக்கிறது. அதிலிருந்து வந்த கட்டுரைகளைப் படித்த பிறகே உங்கள் கேள்வியை இறுதி செய்யுங்கள்.

கேள்வி: வனத்துறை அனுமதிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: கள வேலை தொடங்கும் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். சரணாலயத்துக்குள் அறிவியல் ஆய்வு செய்ய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். இடங்களின் வரைபடம், எத்தனை பேர், எந்த மாதங்கள், எந்தக் கருவிகள், என்ன மாதிரி எவ்வளவு என்று எழுதுங்கள். "தேவையான அளவு மண்" என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்; "பிளாட்டுக்கு 500 கிராம்" என்று எழுதுங்கள். வேலை நடக்கும் ரேஞ்ச் அலுவலரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். யானை நடமாடும் இடத்தில் உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலரின் கூலியையும் திட்டச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: மரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பதா, 1.37 மீட்டரிலா? – மாணவி, மேட்டுப்பாளையம்

பதில்: இந்திய வனத்துறைப் பழக்கம் 1.37, உலகெங்கும் உள்ள நிரந்தரப் பிளாட்களில் 1.3. எந்தத் தரவோடு ஒப்பிடப் போகிறீர்களோ அந்த உயரத்தை எடுத்துக்கொண்டு, அளந்த கோட்டில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்) இருந்தால், அது முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறித்துவையுங்கள்.