கறுப்புக்குக் கறுப்பு சேர்த்தால் மஞ்சள் குட்டி வருமா? நாய் வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி (தண்டையார்பேட்டை): எங்க கறுப்பு லேப் பெட்டையை கறுப்பு லேப்கிட்டதான் கிராஸிங் விட்டோம். ஏழு குட்டி போட்டுது, அதுல ரெண்டு மஞ்சள். ஸ்டட் (கிராஸிங்குக்கு விடுற ஆண் நாய்) வெச்சிருக்கிறவர் "தெருநாய் ஏறியிருக்கும், என் நாய் பேர்ல பேப்பர் போடாதீங்க"ன்னு சொல்றார். அப்படி இருக்குமா சார்?

பதில்: மஞ்சள் குட்டியை மட்டும் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. லேப்ரடாரின் நிறத்தை முக்கியமாக இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று 'பி'. பெரிய பி ஒன்று இருந்தாலே நிறமி கறுப்பு. சின்ன பி இரண்டு சேர்ந்தால் சாக்லேட். மற்றொன்று 'ஈ'. அந்தக் கறுப்போ சாக்லேட்டோ முடியில் ஏற, பெரிய ஈ ஒன்றாவது வேண்டும். சின்ன ஈ இரண்டு சேர்ந்துவிட்டால் முடி மஞ்சள்தான். அப்போது 'பி' என்னவென்று மூக்கிலும் இமை ஓரத்திலும்தான் தெரியும்: கறுப்பு மூக்கு மஞ்சள், அல்லது பழுப்பு மூக்கு மஞ்சள்.

உங்கள் பெட்டையும் அந்தக் கடுவனும் ஆளுக்கொரு சின்ன ஈயை வெளியே தெரியாமல் சுமந்தால் போதும், இப்படி நடக்கும். அப்படிப்பட்ட ஜோடியில் ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஏழில் இரண்டு என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்து கறுப்புக் குட்டி பிறந்தாலோ, சாக்லேட்டும் சாக்லேட்டும் சேர்ந்து கறுப்பு பிறந்தாலோதான் தகப்பனைச் சந்தேகிக்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தாய், கடுவன், எல்லாக் குட்டிகள் ஆகியவற்றின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்புங்கள். மஞ்சள் குட்டிகளை மட்டும் அனுப்பினால் போதாது. ஒரே ஹீட்டில் (பெட்டை இணைசேரும் பருவத்தில்) இரண்டு ஆண்கள் ஏறியிருந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் இருக்க முடியும். அது நிறத்தில் தெரிய வேண்டும் என்பதில்லை.

இதோடு ஒன்று. 'சில்வர் லேப்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் விலகி வாருங்கள். அது நிறமியை வெளிறச் செய்யும் வேறொரு மரபணு. லேப்ரடாரின் இன விதிகளில் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றுதான் உண்டு. இப்படி வெளிறிய நிற நாய்கள் சிலவற்றுக்கு வளர வளர முடி உதிர்ந்து, தோலில் திரும்பத் திரும்பத் தொற்று வரும்.

கேள்வி (ராயபுரம்): ஜெர்மன் ஷெப்பர்ட், மூணாவது ஹீட். 11-ம் நாளும் 13-ம் நாளும் மேட்டிங் நல்லா ஆச்சு, ரெண்டு தடவையும் பூட்டிக்கிச்சு. சினை பிடிக்கல. போன ஹீட்டும் இதே கதை.

பதில்: இதற்கு மிகப் பொதுவான காரணம் நாள் தப்புவது. 11, 13 என்பது சராசரி நாய்க்கான கணக்கு. ஒரு பெட்டைக்கு 8-ம் நாளே கருமுட்டை வெளியாகும். இன்னொன்றுக்கு 20 நாள் தாண்டும். ரத்தப்போக்கு வெளிறியதும் வாலை ஒதுக்கிக் கொடுப்பதும் உதவும் அடையாளங்கள்தான், ஆனால் நாளைக் குறித்துத் தராது. அதைத் தருவது புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை.

ரத்தம் தென்பட்ட 5 அல்லது 6-ம் நாள் முதல் பரிசோதனை; பிறகு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1 நானோகிராமுக்குக் கீழே என்றால் காத்திருங்கள். 2-ஐ ஒட்டி வந்தால், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் எழும்பும் நேரம். அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு நாளில் முட்டை வெளியாகும், அப்போது அளவு 5-ஐச் சுற்றி இருக்கும். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். நாயின் முட்டை பக்குவமாகாமலேதான் வெளியே வருகிறது. பக்குவமாக இன்னும் இரண்டு நாள் வேண்டும். அதனால் 5 தொட்ட நாளிலிருந்து இரண்டாம் நாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை சேர்த்தால் போதும்.

ரத்தத்தை ஜெல் இல்லாத சாதாரண சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஜெல் புரொஜெஸ்டிரோனை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டலாம். எல்லாப் பரிசோதனையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் நடக்கட்டும். அறிக்கையில் அலகைப் பாருங்கள்: நானோமோல் என்று இருந்தால் 3.18-ஆல் வகுத்த பிறகே மேலே சொன்ன எண்களோடு ஒப்பிட வேண்டும்.

நாள் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் கடுவனைப் பாருங்கள். பூட்டிக்கொண்டதாலேயே விந்து நன்றாக இருக்கிறது என்று ஆகாது. நாய்க்கு விந்தணு உருவாகி வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் தவித்த நாய்க்கும், உண்ணிக் காய்ச்சலில் படுத்த நாய்க்கும் பாதிப்பு ஜூலையில் தெரியலாம். மேட்டிங்குக்கு முன்பே இருவருக்கும் புரூசெல்லா பரிசோதனை அவசியம். அந்தக் கிருமி இருந்தால் சினை பிடிக்காமல் போகலாம். பிடித்தாலும் பெரும்பாலும் 45 நாளுக்கு மேல் கலைந்துவிடும். கலைந்ததை வெறும் கையால் எடுக்காதீர்கள், மனிதருக்கும் தொற்றும்.

கேள்வி (வியாசர்பாடி): கேட் திறந்திருந்த நேரத்துல தெருநாய் ஏறிடுச்சு. இனிமே பிறக்கிற குட்டி எல்லாமே கலப்பாத்தான் இருக்குமா? கலைக்க ஊசி போடலாமா?

பதில்: அடுத்த ஈற்றில் அதன் சாயல் துளியும் இருக்காது. ஒரு ஈற்றின் தகப்பன் அடுத்த ஈற்றைத் தொட முடியாது. நல்ல பெட்டைகளை இந்த நம்பிக்கையால் தெருவில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

மேட்டிங் முடிந்த மறுநாளே போடும் ஈஸ்ட்ரோஜன் ஊசி வேண்டாம். கருப்பையில் சீழ் பிடிக்கவும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கவும் அது காரணமாகும். 25 முதல் 28 நாளுக்குள் ஸ்கேன் செய்து சினையா என்று உறுதி செய்யுங்கள். பாதுகாப்பான வழிகளை மருத்துவர் அப்போது சொல்வார். இனி ஈற்று வேண்டாம் என்றால் கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது. அடுத்த சில மாதங்களுக்குப் பிறப்புறுப்பில் ரத்தம் கசிகிறதா, காலிஃபிளவர் போல் கட்டி தெரிகிறதா என்றும் கவனியுங்கள். மேட்டிங்கில் தொற்றும் புற்றுக்கட்டி நம் தெருநாய்களிடம் உண்டு. வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும்.

பூட்டிக்கொண்ட நாய்களை இழுத்துப் பிரிக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. இரண்டுக்கும் காயமாகும்.

கேள்வி (திருவொற்றியூர்): ராஜபாளையம் ஜோடி, ரெண்டுமே பால் வெள்ளை, மூக்கு ரோஸ். குட்டிகள்ல ரெண்டு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது.

பதில்: செவிடாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிக்கு நிறம் தரும் அதே வகை செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், ஒலியை உணரும் நுண்முடிச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். மருந்து கிடையாது.

ஐந்து, ஆறு வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே வைத்துச் சோதியுங்கள். அது உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை உறுதி செய்யக் காது நரம்பின் மின்னலையைப் பதிவு செய்யும் பரிசோதனைதான் வழி. செவிட்டுக் குட்டியை இனவிருத்திக்குக் கொடுக்கக் கூடாது, இதே ஜோடியை மறுபடி சேர்க்கவும் கூடாது. வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். கைச் சைகையில் அருமையாகப் பழகும்.

கேள்வி (பெரம்பூர்): டேப்பிள் டேஷண்டுக்கு டேப்பிள் ஆண் சேர்த்தா எல்லாமே டேப்பிளா வருமா?

பதில்: வராது, சேர்க்கவே கூடாது. டேப்பிள் என்கிற திட்டுத்திட்டான நிறத்தைத் தருவது மெர்ல் என்ற மரபணு. நான்கில் ஒரு குட்டிக்கு மெர்ல் மரபணு இரட்டையாக விழும். குருடு, செவிடு, கண்ணே வளராத குட்டிகள் அதில்தான் பிறக்கின்றன. டேப்பிளுக்கு ஒற்றை நிற ஆணைத் தேடுங்கள்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ஷிட்சு 40 நாள் சினை. கால்சியம் டானிக் தினமும் கொடுக்கறோம். பிரசவத்துக்கு என்ன தயார் பண்ணணும்?

பதில்: டானிக்கை இன்றே நிறுத்துங்கள். வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் உடலின் பழக்கம் மந்தமாகிவிடும். பால் சுரப்பு உச்சத்துக்குப் போகும் இரண்டு முதல் நான்காம் வாரத்தில் திடீரென ரத்தக் கால்சியம் சரியும். மூச்சிரைப்பு, விறைத்த நடை, நடுக்கம், பிறகு வலிப்பும் கடும் காய்ச்சலும் வரும். அப்படி வந்தால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். சினையின் கடைசி மூன்று வாரம் நல்ல பப்பி ஃபுட் கொடுங்கள், அது போதும்.

55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்-ரே எடுத்து எத்தனை குட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடைசி வாரம் காலை, மாலை ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பொதுவாக ஒரு நாளுக்குள் பிரசவம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, இரண்டு குட்டிக்கு நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு – இதில் எது நடந்தாலும் காத்திருக்காதீர்கள். வீட்டில் யாரும் ஆக்ஸிடோசின் ஊசி போடவே கூடாது. குட்டி குறுக்கே மாட்டியிருந்தால் கருப்பை கிழியும். பிறந்த குட்டிகளை முதல் வாரம் ஏசி அறையில் வைக்காதீர்கள். நமக்குப் புழுங்கும் 30 டிகிரி செல்சியஸ்தான் அவற்றுக்குத் தேவை.

கேள்வி (காசிமேடு): ஆறு வயசு பெட்டை, ஹீட் முடிஞ்சு ஒன்றரை மாசம். சாப்பிடல, தண்ணி மட்டும் குடம் குடமா குடிக்குது. கசிவு எதுவும் இல்ல.

பதில்: கருப்பையில் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். கசிவு இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் உள்ளேயே தேங்கும், எந்த நேரமும் வெடிக்கலாம். நாளைக்கு என்று வைக்காதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவரிடமோ இன்றே கொண்டுபோய் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். கடைசி ஹீட் எப்போது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.