வலையை விட்டவர்களும் வேலிக்கு வெளியே நிற்பவரும்

கேள்வி: எனக்கு 51 வயது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை முழுவதுமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார், அம்மாவும் இல்லை. ரோட்டோரப் பனை விளை முழுவதையும் அண்ணன் வேலி போட்டு வைத்துக்கொண்டார். கேஸ் நடக்கிறது. தங்கை எதுவும் கேட்கவில்லை. ஆலயத்தில் அண்ணனைப் பார்த்தாலே நெஞ்சு கொதிக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து காலத்திலும் திருவிருந்துக்குப் போகாமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். நிலத்தை விட்டுக்கொடுத்தால்தான் நான் உண்மையான சீஷனா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரருக்கு, பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டே பந்திக்கு வந்து போக நம்மில் பலருக்கு முடிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் போயிருக்கிறேன். உங்களால் முடியவில்லை என்பதே, ஆண்டவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குக் காட்டுகிறது.

இதே மாதிரி வழக்கு ஒருமுறை இயேசுவிடமே வந்தது. லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் கூட்டத்துக்குள்ளிருந்து, ஆஸ்தியைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். இயேசு அதற்குள் போகவே இல்லை. என்னைப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றார். நியாயம் நம் பக்கம் இருக்கும்போதும் பொருளாசை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் கேட்டவனுக்கும் சேர்த்து அந்த எச்சரிக்கை.

மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் ஒரு விஷயம் உண்டு. பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை 'விட்டு' அவருக்குப் பின்சென்றார்கள் என்பதற்கும், 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்ற ஜெபத்துக்கும், பலிபீடத்தின் முன் காணிக்கையை 'வைத்துவிட்டுப் போ' என்ற கட்டளைக்கும் ஒரே வினைச்சொல்தான். வலையை விடுவதும் கடனை விடுவதும் இரண்டு தனித்தனி வேலைகள் இல்லை. கன்வென்ஷன் மேடை முன்னால் நீங்கள் வலையை விட்டீர்கள். அண்ணன் உங்களுக்குப் பட்ட கடனை நீங்கள் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வந்து அந்தக் கணக்கை மறுபடி மனதில் எழுதிவைக்கிறீர்கள்.

சரி, அப்படியானால் நிலத்தையும் விட்டுவிடலாமா? ஆதியாகமத்தில் ஈசாக்கு, ஏசேக்கு, சித்னா என்ற இரண்டு கிணறுகளைச் சண்டைக்காரர்களிடம் விட்டுவிட்டுப் போய் ரெகொபோத் என்ற கிணற்றைத் தோண்டினான். அவன் ஆட்கள் தோண்டிய கிணறுகள், அவன் விடலாம். இந்த விளை முழுவதும் உங்களுடையதா?

உங்கள் கடிதத்தில் தங்கைக்கு மூன்றே சொல்தான் கிடைத்திருக்கிறது. பெற்றோர் இருவரும் இல்லாமல், உயிலும் இல்லாத கிறிஸ்தவக் குடும்பத்தில், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பிள்ளைகள் நீங்கள் மூவர்தான் என்றால் அந்த விளையில் மூன்றில் ஒரு பாகம் அவளுடையது. உங்கள் மனுவில் எத்தனை பாகம் கேட்டிருக்கிறீர்கள்? பாதி என்றால், அண்ணன் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவளுக்குச் செய்திருக்கிறீர்கள். நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு என்று நம் ஊரில் சொல்லும் சமாதானம் என் மனதுக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. பெண்பிள்ளைகள் கேட்காமல் இருப்பது பல வீடுகளில், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில்தான்.

அந்தக் காணிக்கைக் கட்டளைக்கு முன் வரும் மத்தேயு 5:23-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். உனக்கு யார்மேல் கோபம் என்று அது கேட்கவில்லை. 'உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவுகூர்ந்தால் என்றுதான் சொல்லுகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தங்கை நினைவுக்கு வந்தாளா?

முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் பங்கை ஒப்புக்கொள்ளுங்கள், மன்னிப்பும் கேளுங்கள். அப்புறம் மதினி மூலமாகவோ ஆயர் மூலமாகவோ அண்ணனிடம் சமரசம் பேசுங்கள். அவர் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சம்மதிக்காவிட்டால் கேஸ் நடக்கட்டும், அது பாவமில்லை. உங்கள் பாகத்தில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை ஜெபித்து நீங்களே தீர்மானியுங்கள். அவள் பாகத்தில் ஒரு சென்ட்டைக்கூட நீங்கள் தாராளமாகக் கொடுத்துவிட முடியாது. கோபம் ஒரே நாளில் போய்விடாது. வாய்தா அன்று திரும்ப வரும். அன்று காலையில் அண்ணன் பேரைச் சொல்லி, அவர் பிள்ளைகள் பேரையும் சொல்லி ஜெபம்பண்ணிவிட்டுப் புறப்படுங்கள். எனக்கு அதுதான் உதவியது.

காணிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ என்று ஆண்டவர் சொல்லவில்லை. அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. தங்கை வீட்டுக்குப் போகும்போது உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பத்திர நகலும் கையில் இருக்கட்டும்.