எத்துப்பல்லுக்குக் கல்யாணம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகளுக்கு 12 வயது. மேல்வரிசைப் பற்கள் எத்திக்கொண்டு இருக்கின்றன. பள்ளியில் கேலி செய்வதால் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். கம்பி போடலாம் என்றால், "வயதுக்கு வரட்டும், கல்யாணம் பேசும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மாமியார். பல்லைப் பிடுங்குவார்கள், கண் பார்வை போய்விடும், மற்ற பற்களும் ஆட்டம் கண்டுவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். மதுரைக்கு அடிக்கடி போய்வர எங்களுக்கு வசதி இல்லை. ஆறு வயதாகும் மகன் இன்னும் விரல் சூப்புகிறான். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே மகளைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காட்டிய அன்றே கம்பி போட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்லும் கெடுவில் ஓர் ஆபத்து இருக்கிறது.

எத்துப்பல் எல்லாம் ஒரே வகை கிடையாது. சிலருக்குத் தாடைகள் சரியாக இருக்கும். பற்கள் மட்டும் முன்னால் சாய்ந்திருக்கும். இதை முப்பது வயதில்கூடக் கம்பி போட்டுச் சரிசெய்யலாம். வேறு சிலருக்குக் கீழ்த்தாடை வளர்ச்சியில் பின்தங்கியிருக்கும். அதனால் மேல்பற்கள் துருத்தித் தெரியும். மகளைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பாருங்கள். முகவாய் உள்வாங்கினாற்போல் இருந்தால் அவள் இந்த இரண்டாம் வகையாக இருக்கலாம். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். இந்த வகைக்குக் கழற்றி மாட்டும் தாடைக் கருவி ஒன்று உண்டு. உடல் வேகமாக வளரும் பருவத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கிவிடுகிறது. "வயதுக்கு வரட்டும்" என்று தள்ளிப்போட்டால் நல்ல நேரம் கைநழுவிவிடும். வளர்ச்சி முழுவதும் நின்ற பிறகு, பல்லை எடுத்து ஓரளவு ஈடுகட்டுவதோ, கடுமையான குறையாக இருந்தால் தாடையில் அறுவை செய்வதோதான் மிஞ்சும். மாமியாரிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். அவரும் பேத்தியின் நன்மைக்காகத்தான் பேசுகிறார்.

இனி அக்கம்பக்கத்தார் சொல்லும் பயங்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மேல்பல்லை எடுத்தால் கண்ணுக்கு எதுவும் ஆகாது. எல்லோருக்கும் பல் எடுப்பதும் இல்லை. வரிசையில் இடம் போதாதபோது, கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களில் சிலவற்றை எடுப்பார்கள். எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. ஆட்டம் காண்பதைப் பற்றிச் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கம்பி மெதுவாக அழுத்தும்போது பல்லின் ஒரு பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான். அந்தக் காலத்தில் பல் லேசாக ஆடுவது இயல்பு, பிறகு இறுகிவிடும். ஈறு நோயைக் கவனிக்காமல் விட்டாலோ, பாதியில் மருத்துவரிடம் போகாமல் நின்றுவிட்டாலோதான் பற்கள் உண்மையிலேயே கெடும்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை தூரம்தான். கம்பி சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு வரை நடக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். எத்தனை கெட்டிக்கார மருத்துவராக இருந்தாலும், மாதாமாதம் போய்ச் சேர முடியாதவரிடம் தொடங்காதீர்கள். முதலில் ராமநாதபுரத்தில் விசாரியுங்கள். பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் மேற்படிப்பு படித்தவரா என்று பட்டத்தைப் பாருங்கள். சிறு நகரங்களில் இந்த நிபுணர்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோவது வழக்கம். முடியும்வரை அவரேதான் பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். செலவு தாங்காது என்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2023-இல் புதுக்கோட்டையில் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. தொண்டிப் பக்கத்து வாசகர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். உங்களுக்கு மதுரையைவிடப் பக்கம் என்று சொல்ல முடியாது.

பணத்துக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழில் நின்றிருக்கும். அந்த இரண்டு மாதத்தில் தவணை விழாதபடி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தயங்க வேண்டியதே இல்லை, கடற்கரை ஊர்களில் பழகியவருக்கு இது புரியும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், அப்பாவும் வீட்டில் இருப்பார். பல் எடுக்க வேண்டியிருந்தால் அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். உலோகக் கம்பியே போதும், பல் நிறத்தில் வரும் விலை கூடிய வகை தேவையில்லை. இரண்டு ஆண்டும் தொடர முடியுமா என்று குடும்பமாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கம்பியை வாயில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதைவிட, போடாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

கம்பி போட்டபின் முதல் நான்கைந்து நாள் வலிக்கும். கஞ்சி, இடியாப்பம், முள் நீக்கிய மீன் கொடுங்கள். நண்டுக் காலைப் பல்லால் கடிப்பதும், பனங்கிழங்கைக் கடித்து இழுப்பதும் கூடாது. கடலை மிட்டாய், முறுக்கு, கீழக்கரைத் தொதல் ஆகியவற்றையும் தள்ளிவையுங்கள். ஒன்று கம்பியை உடைக்கும், இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு பல்லை அரிக்கும். கொய்யாவைத் துண்டுபோட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் ஃபுளோரைடு பேஸ்டால் துலக்க வேண்டும். பள்ளியில் முடியாதபோது நன்றாகக் கொப்பளிக்கட்டும். இதில் அசட்டையாக இருந்தால் கம்பியைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை எளிதில் போவதில்லை. கழற்றிய பின், பல் நகராமல் பிடித்து வைக்கக் கொடுக்கும் ரிடெய்னர் என்னும் கருவியை மருத்துவர் சொல்லும் காலம்வரை, பெரும்பாலும் இரவு நேரத்தில் ஆண்டுக்கணக்கில், மாட்ட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பல் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கிவிடுகிறது.

சின்னவனின் விரல் சூப்பும் பழக்கத்தை இப்போதே நிறுத்தப் பாருங்கள். பால்பல் விழுந்து, நிலையான மேல் முன்பற்கள் ஏழு வயதை ஒட்டி முளைக்கும்; அதற்குப் பிறகும் சூப்பினால் அக்காவின் நிலைதான். வேப்பெண்ணெய், மிளகாய் தடவுவது, நாலுபேர் முன் திட்டுவது எதுவும் வேண்டாம். சூப்பாத நாளுக்குப் பாராட்டுங்கள்; தூங்கும்போது கையில் மெல்லிய துணி உறை மாட்டிவிடுங்கள். சில மாதத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் அவனையும் காட்டுங்கள்.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? இரண்டு ஆண்டு கம்பியைச் சுமக்கப்போவது அவள். முதல் நாளே அவளையும் மருத்துவரிடம் பேசவிடுங்கள். கேலியைப் பற்றி வகுப்பாசிரியரிடம் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள். பல் சீராகும்வரை அந்தப் பிள்ளை அதைத் தாங்கிக்கொண்டு இருக்கக் கூடாது.

சிகிச்சை தொடங்கும்வரை ஓர் எச்சரிக்கை. எத்திய பற்கள் கீழே விழுந்தால் எளிதில் அடிபடும். நிலைப்பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் வேரைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் அதை மறுபடி பொருத்திக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.