கணவனும் மனைவியும் காமினோ நடந்தால் ஒன்றாகவே நடக்க வேண்டுமா?

கேள்வி: "நானும் கணவரும் அடுத்த வருஷம் ஸ்பெயினில் காமினோ யாத்திரை நடக்கப் போகிறோம். அவர் வேகமாக நடப்பவர், நான் மெதுவாக. 35 நாள் எப்படிச் சேர்ந்து நடப்பது?"

சேர்ந்து நடக்காதீர்கள். அவரவர் வேகத்தில் நடந்துவிட்டு ஊரில் சேர்ந்துகொள்ளுங்கள். "கட்டினவளை நடுவழியில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாயா" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வந்து கேட்பார்கள், தெரியும். விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. எங்கே சந்திப்பது என்று பேசிவைத்துவிட்டுப் பிரியச் சொல்கிறேன்.

பிரான்சின் சேன் ழான் ஊரில் தொடங்கி, இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சாந்தியாகோ வரை போகும் சுமார் 780 கி.மீ. பாதையைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் நடை 25 கி.மீ. அவர் மணிக்கு 5 கி.மீ. போனால் 5 மணி நேரம். நீங்கள் 4 கி.மீ. போனால் ஆறேகால். எல்லாச் சண்டையும் இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்குள்தான் நடக்கும். அவர் திருப்பத்தில் உட்கார்ந்து காத்திருப்பார். நீங்கள் வந்து சேர்ந்ததும் "போலாமா" என்று எழுந்துவிடுவார். ஓய்வெல்லாம் அவருக்கு, ஓய்வு வேண்டியவருக்கு ஒன்றுமில்லை. அவரை எட்டிப்பிடிக்க எட்டு வைக்கும் தூரத்தைக் கூட்டினீர்களானால் முதல் வாரத்திலேயே முன்னங்கால் தசைநார் வீங்கிக்கொள்ளும். அப்புறம் நாலைந்து நாள் நடக்க முடியாது.

தனித்தனியாக நடக்க வேண்டுமானால் பை கட்டுவதிலிருந்தே மாற்ற வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். மருந்தெல்லாம் ஒருவர் பையில், பணமும் பாஸ்போர்ட்டும் இன்னொருவர் பையில் என்று பிரித்துவிடுவார்கள். 10 கி.மீ. இடைவெளி விழுந்ததும் ஒருவரிடம் பிளாஸ்திரி இல்லை, மற்றவரிடம் காபிக்குக் காசில்லை. பாஸ்போர்ட், முத்திரை அட்டை (யாத்திரிகர் என்று காட்ட, வழியில் முத்திரை குத்தி வாங்கும் அட்டை), கார்டு, சில்லறை, தண்ணீர், மழைக்கோட்டு, டேப், வேலை செய்யும் சிம், இத்தனையும் இரண்டு பையிலும் இருக்க வேண்டும். சோப்பு, துணிக்கொடி, பிளக் அடாப்டர், நகவெட்டி என்று சாயங்காலம் மட்டும் தேவைப்படுபவற்றைப் பொதுவில் வைக்கலாம். சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 55 கிலோ உள்ளவருக்கு ஐந்தரை, 80 உள்ளவருக்கு 8. ஆகவே பொதுச்சாமான் கனமானவர் தோளுக்கு.

முதல் நாள் மட்டும் சேர்ந்தே போங்கள். சேன் ழானில் ஏறத்தாழ 170 மீட்டரில் தொடங்கி, பிரனீஸ் மலையில் 1,430 மீட்டர் வரை ஏறி, ஸ்பெயின் பக்கம் ரொன்செஸ்வாயெஸ் ஊருக்கு இறங்க வேண்டும். மேலே பனிமூட்டம் சொல்லாமல் வரும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலைவழி மூடியிருக்கும், வால்கார்லோஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

அடுத்து, பாதை பிரியும் இடங்கள். மஞ்சள் அம்பைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது என்பது உண்மைதான், ஆனால் சில இடங்களில் அம்பு இரண்டு பக்கமும் காட்டும். சாஆகுன் தாண்டி கல்சாதா தெல் கோத்தோவில் பிரிந்தால் பெர்சியானோஸ் ஒரு வழி, எர்மானியோஸ் இன்னொரு வழி. லெயோனுக்கு அப்புறம் லா விர்ஹென் தெல் காமினோவில் பிரிந்தால் ஓஸ்பித்தால் தெ ஓர்பிகோவில்தான் சேரும். திரியகாஸ்தேலாவில் ஒருவர் சான் ஷில் பக்கமும் ஒருவர் சாமோஸ் மடத்துப் பக்கமும் போய்விட்டால் சாரியாவுக்குச் சற்று முன்புதான் பார்க்க முடியும், அதிலும் சாமோஸ் வழி ஆறேழு கி.மீ. கூடுதல். எந்தப் பக்கம் என்று முந்தின ராத்திரியே முடிவுசெய்துகொள்ளுங்கள். போனில் சிக்னல் இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

படுக்கை விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நகராட்சிச் சத்திரங்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது, அட்டையோடு நேரில் வந்தவருக்குத்தான் இடம். முன்னால் போனவர் "என் மனைவி வந்துகொண்டிருக்கிறாள்" என்று சொல்லிப் பயனில்லை. பிரிந்து நடக்கும் நாட்களில் தனியார் சத்திரத்தில் இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்துவிடுங்கள்.

கொப்புளத்துக்கும் தம்பதிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். குதிகாலில் ஒரு காசளவு இடம் சூடாகத் தெரியும்போதே நின்றால் கொப்புளம் வராது. கூட வருபவரை நிறுத்த வேண்டுமே என்ற கூச்சத்தில் அடுத்த ஊர்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதால்தான் வருகிறது. நின்று, சாக்ஸைக் கழற்றி, உள்பக்கம் வெளியே திருப்பி மண்ணை உதறுங்கள். கால் நன்றாகக் காயட்டும். டேப்பின் நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டு ஒட்டுங்கள், கூர்மூலை சாக்ஸில் மாட்டி உரிந்துவிடும். சுருக்கம் விழுந்தால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள், அந்தச் சுருக்கமே அடுத்த கொப்புளம். பத்து நிமிஷ வேலை.

சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து இருபது பேர் தூங்கும் அறையில் பாலிதீன் பையைச் சரசரவென்று பிரித்து மூட்டை கட்டுபவர்களை எந்த ஊர்ப் புண்ணியத்தில் சேர்ப்பது? துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியே கட்டிவையுங்கள்.

யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் வாங்க, சாரியாவிலிருந்து தினம் இரண்டு முத்திரை வேண்டும். அதை அவரவர் அட்டையில் அவரவரே வாங்குங்கள், ஒருவர் இரண்டையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டாம். கடைசி நாள் முன்னால் போகிறவர் மோன்தே தோ கோசோ குன்றில் காத்திருக்கட்டும். அங்கிருந்து பேராலயம் 5 கி.மீ.தான். அதை மட்டும் உங்கள் வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள்.