நெய் டப்பா திரும்பி வந்தால்...

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி விற்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் நிரலில் ஐந்து ஃபைல்களைத் திருத்தினேன். ஆனால் அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் தொகை தப்பாக வருகிறது. எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாமா ஐயா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டவே வேண்டாம். யாரோ ஒரு கடைக்காரர் கேட்டார் என்று நீங்களே செருகிவிட்டு மறந்துபோன சலுகைகளெல்லாம் அந்தப் பழைய நிரலுக்குள்தான் இருக்கின்றன. புதிதாக எழுதினால், அவர் போன் செய்து சத்தம் போடும்போதுதான் அவை நினைவுக்கு வரும்.

ஒரே விகிதம் மாறியதற்கு ஐந்து ஃபைல்களைத் திறக்க வேண்டியிருந்ததே, வடிவமைப்பில் கோளாறு என்பதற்கு அதுவே அடையாளம். அதைவிடப் பெரிய கோளாறும் உண்டு. செப்டம்பர் 10ஆம் தேதி 500 ரூபாய் நெய்யை வரியோடு 560க்கு விற்றீர்கள். அக்டோபரில் திரும்பி வந்தால் உங்கள் நிரல் 525 கொடுக்கச் சொல்கிறது. விற்ற நாளின் விகிதம்தான் அங்கே பொருந்தும். உங்கள் நிரலுக்கோ இன்றைய விகிதத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. பொருளையும் தேதியையும் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் ஒரே ஃபங்ஷன் (நிரலின் ஒரு சிறு பகுதி) போதும். விகிதங்கள், அமலுக்கு வந்த தேதியோடு ஓர் அட்டவணையில் இருக்கட்டும்.

கை வைப்பதற்கு முன், பழைய பில்கள் சிலவற்றை எடுத்து, இப்போது வரும் விடைகளை அப்படியே சோதனைகளாகச் சேமியுங்கள், தப்பான அந்த 525 உட்பட. பிறகு ஒவ்வொரு ஃபைலாகப் புதிய ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள். இன்றைய தேதியையே அனுப்புங்கள்; விடை மாறக் கூடாது. எல்லா ஃபைல்களும் மாறிய பிறகு, சரக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் பழைய பில்லின் தேதியை அனுப்பி 560 ஆக்குங்கள். விடையை மாற்றாமல் நிரலின் அமைப்பை மட்டும் சீராக்கும் ரீஃபேக்டரிங்கும் பிழை திருத்தமும் ஒரே கமிட்டில் (ஒரே தடவையாகப் பதிவு செய்யும் மாற்றத்தில்) கலந்தால், நாளைக்கு எதனால் எது உடைந்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

இடையில் ஒரு பைசா இடிக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். 12.50 ரூபாய்ப் பொருள் மூன்று, 5 சதவீதத்தில் பாதியான மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம். பொருளுக்குப் பொருள் பைசாவை முழுமையாக்கினால் 31 வீதம் 93 பைசா. மொத்தத்துக்குப் போட்டால் 94. உங்கள் ஃபைல்களில் இரண்டு முறையும் இருக்க வாய்ப்புண்டு. எதை வைத்துக்கொள்வது என்று கணக்கரைக் கேளுங்கள். அது நிரலர் முடிவு செய்கிற விஷயமல்ல.

இன்னொன்று: ‘5’ என்று தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். பில்லின் அடியில் பிரிண்டர் விடும் இடைவெளியும் 5ஆக இருக்கலாம்.