துவாரகநாத் தாகூரின் இரண்டு கல்லறைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது கென்சல் கிரீன் இடுகாட்டில் துவாரகநாத் தாகூரின் கல்லறையைப் பார்த்தேன். பெயர், கல்கத்தா என்று ஊர், இறந்த தேதி. அவ்வளவுதான் இருந்தது. ரவீந்திரநாத்தின் தாத்தா, உருவ வழிபாட்டை மறுத்த சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தின் தொடக்ககால ஆதரவாளர். அவரை ஏன் எரிக்காமல் புதைத்தார்கள்? கடைசியில் மதம் மாறிவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாறவில்லை. அவர் இறந்தது 1846 ஆகஸ்ட் 1. அன்றைய இங்கிலாந்தில் பிணத்தை எரிக்க இடமே கிடையாது. வோக்கிங் தகனசாலையில் முதல் உடல் எரிந்தது 1885ல். அதுவரை அங்கே யார் செத்தாலும் மண்தான்.

துவாரகநாத்தைப் பற்றி அவர் படுத்திருக்கும் கல்லறையைவிட, அவர் கட்டிய கல்லறைதான் அதிகம் சொல்கிறது. பிரம்ம சமாஜத்தை நிறுவிய ராம்மோகன் ராய் 1833 செப்டம்பரில் பிரிஸ்டலில் காய்ச்சலில் இறந்தார். உடலில் பூணூல் அப்படியே இருந்தது. கிறித்தவர்களோடு தன்னைப் புதைத்தால் ஊரில் பிள்ளைகளின் சாதிக்கும் சொத்துக்கும் வம்பு வரும் என்பது அவர் கவலை. ஆகவே அவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே, மரங்களுக்கு அடியில், மந்திரமோ ஜெபமோ இல்லாமல் புதைத்தார்கள்.

துவாரகநாத் 1842ல் இங்கிலாந்து போனார். அடுத்த ஆண்டு அவர் செலவில் ராயின் உடல் ஆர்னோஸ் வேல் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது. அதன்மேல் தூண்களும் குவிமாடமுமாக ஒரு சத்ரி எழுந்தது. வரைபடம் போட்டவர் வில்லியம் பிரின்செப், துவாரகநாத்தின் கார் தாகூர் கம்பெனியில் பங்குதாரர். பிரிஸ்டலின் சிலுவைகளுக்கு நடுவே ஓர் இந்திய மண்டபம்! நண்பருக்கு அப்படிக் கட்டியவருக்குக் கிடைத்தது நீங்கள் பார்த்த மொட்டைக் கல். எனக்கு இதில் அவர் பிள்ளைகள்மீது கொஞ்சம் கோபம்கூட உண்டு.

அவர் பிரம்ம சமாஜியா என்றால், பணத்தால் ஆம். சமாஜத்தின் 1830ம் ஆண்டு அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். ராய் கப்பலேறிய பிறகு சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர் காசிலும் சபையின் ஆசாரியர் ராமச்சந்திர வித்யாவாகீசரின் பிரார்த்தனையிலும்தான். ஆனால் கல்கத்தாவில் ஜோராசாங்கோவில் இருந்த அவர் வீட்டில் துர்கா பூஜை தடபுடலாக நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்களோடு அவர் விருந்துண்ணத் தொடங்கியதும் மனைவி திகம்பரி தேவி விலகிவிட்டார். கணவரிடம் பேச நேர்ந்தால் கங்கை நீரில் குளிப்பார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். 1843 டிசம்பரில் மகன் தேவேந்திரநாத் தோழர்களோடு முறைப்படி பிரம்ம தீட்சை பெற்றார். அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. நிலக்கரிச் சுரங்கமும் நீராவிக் கப்பலும் நடத்தியவருக்குக் கொள்கையைப் புரக்கத் தெரிந்தது. கொள்கைக்காக வீட்டோடு சண்டை போட ஆசை இல்லை.

அந்தச் சண்டை அவர் செத்த பிறகு வந்தது. உடல் லண்டனில் புதைந்துவிட்டதால் கல்கத்தாவில் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து கங்கைக் கரையில் எரித்தார்கள். அடுத்தது சிராத்தம். தேவேந்திரநாத் சாளக்கிராமத்தின் முன் உட்கார மறுத்து, உபநிடத மந்திரம் சொல்லித் தானம் கொடுத்துவிட்டு எழுந்துபோனார். வழக்கமான சடங்கைத் தம்பி கிரீந்திரநாத் செய்தார். உறவினர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சமாஜத்தின் உருவ வழிபாட்டு மறுப்பு தாகூர் வீட்டுக்குள் உண்மையில் சோதிக்கப்பட்டது அன்றைக்குத்தான். கென்சல் கிரீன் கல்லில் இதில் ஒரு வரியும் இருக்க வழியில்லை.

அடுத்த முறை போகும்போது பிரிஸ்டலுக்கும் ரயிலேறுங்கள். அங்குள்ள கல்வெட்டில் ராய் பிறந்த ஆண்டு 1774 என்று இருக்கும், பெரும்பாலான நூல்கள் 1772 என்கின்றன. அந்தக் கல்வெட்டு துவாரகநாத் வைத்ததல்ல, 1872ல் சேர்த்தது.