கேட்டால் சொல்கிறேன்

தாரிணி மாதிரி பாய்மரப் படகுகளை முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் பாய்மரத்தை நிறுத்துவார்களாமே? பட்டறையிலேயே நட்டுவிட்டால் என்ன?
- வாசகி, காரைக்கால்

எந்தப் பட்டறைக் கூரை தாங்கும் தாயே? நம் புதுச்சேரிப் பெண், கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவோடு உலகத்தைச் சுற்றி வந்தாரே, அந்தத் தாரிணியின் நீளம் 55 அடி. கோவாவில் திவார் தீவில் கட்டியது. பாய்மரம் மட்டும் 25 மீட்டர், ஏறக்குறைய எட்டு மாடி! நட்டு வைத்து இழுத்துப் போனால் வழியில் கரண்ட் கம்பி சும்மா விடுமா? படகைத் தூக்கும் கிரேனுக்கும் இடைஞ்சல்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கரையில் படகின் பாரமெல்லாம் அடிக்கட்டையிலும் முட்டுக்கட்டைகளிலும் நிற்கும். தண்ணீரில் இறங்கியதும் உடம்பு முழுக்கத் தாங்கல் கிடைத்து, வடிவம் இம்மியளவு மாறும். அதனால் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் இறுக்கத்தை மிதக்கும்போதுதான் சரிபார்க்க வேண்டும். வீணை மாதிரி, ஒன்றை முறுக்கினால் இன்னொன்று தளரும். கிரேன் கொக்கியைக் கழற்றும் முன் எல்லாக் கம்பியும் மாட்டியாச்சா என்று நான் இரண்டு தரம் பார்ப்பேன். கூட நிற்கும் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாய்மரத்தின் அடியில் காசு வைப்பது நிஜமா?
- வாசகர், தூத்துக்குடி

நிஜம்தான். 1962-ல் லண்டன் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த ரோமானியக் கப்பலில், பாய்மரக் குழிக்குள் ரோமப் பேரரசர் டொமிஷியன் காலத்துக் காசு இருந்தது. காசில் சுக்கான் பிடித்த அதிர்ஷ்ட தேவதை! நீங்கள் வைத்தால் அலுமினியப் பாய்மரத்தின் கீழே செம்புக் காசு வேண்டாம், உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்துப் போகும்.